முதலில் சாப்பிடுங்கள்

ஐயா,

பண்டத்தரிப்பிலிருந்து எழுதுகிறேன். 2019இல் வீட்டிலேயே கறித்தூள் செய்து பைக்கற்றில் அடைத்து விற்கத் தொடங்கினேன். கொழும்பில் மூன்று கடைகள் எடுத்தன. 2022இல் செத்தல் மிளகாயும் மல்லியும் விலை ஏறியபோது நுண்கடன் எடுத்துச் சமாளித்தேன். கடைக்காரர்கள் கடனுக்கு வாங்கிய தூளுக்குப் பாதிப் பணம்கூடத் தரவில்லை. கடனைக் கட்டத் தாலிக்கொடியை அடைவு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. செபக் குழுவில் ஒருவர் “ஆண்டவர் சோதிக்கிறார்” என்றார். இன்னொருவர் “விசுவாசம் காணாது” என்றார். அம்மாவோ “95இல் ஒரு பையோடு நாவற்குழிப் பாலம் கடந்தோம், இது ஒரு கஷ்டமா” என்கிறார். அக்கா பணம் தருகிறேன் என்கிறார். வாங்க வெட்கமாக இருக்கிறது. விவிலியத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. இந்தத் தோல்வியால் ஆண்டவர் எனக்கு எதைக் கற்பிக்கிறார்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

“விசுவாசம் காணாது” என்று சொன்னவரின் சொல்லை இன்றைக்கே மனதிலிருந்து இறக்கிவையுங்கள். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான். முறையிட்டு அழுத யோபுவே சரியாகப் பேசினார் என்றார். எங்கள் செபக் குழுக்களில் இந்தப் பகுதியை வருடத்துக்கு ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அம்மா சொன்னதில் பாசம் இருக்கிறது. போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் அந்தப் பாலத்தைக் கடந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால், அந்த இரவை அளவுகோலாக்கி அடுத்தவர் துயரத்தை அளக்கக் கூடாது. அடைவில் இருக்கும் தாலிக்கொடியின் பாரத்தை நீங்கள்தான் சுமக்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்வி. 2003இல், பாதை திறந்திருந்த சமாதான காலத்தில், நான் ஒரு மாத இதழ் தொடங்கினேன். ஏழு இதழோடு நின்றுவிட்டது. அச்சகக் கடனைத் தீர்க்க மனைவியின் காப்புகள் போயின. கேட்டவர்களிடமெல்லாம் “ஆண்டவரின் சித்தம்” என்று சொன்னேன். மனமார நம்பித்தான் சொன்னேன். எங்கள் பங்கில் இருந்த வயதான சுவாமியார் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, “கணக்குக் கொப்பியைத் திறந்து பார்த்தாயா?” என்றார். நான் பார்த்திருக்கவில்லை. அன்றிரவு திறந்தேன். இதழ்கள் விற்றுத்தான் இருந்தன. ஆறு கடைகளில் ஒன்றிலும் நான் காசு கேட்டிருக்கவில்லை. காசு கேட்பது எழுதுகிறவனுக்கு இழிவு என்று நினைத்திருந்தேன். என் கர்வத்துக்குக் கடவுளின் பெயரை மூடியாகப் போட்டிருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது.

ஆகவே நீங்களும் கொப்பியைத் திறவுங்கள். நாடே கடனைக் கட்ட முடியாமல் நின்ற வருடம் 2022. செத்தல் விலை ஏறியது உங்கள் பிழை இல்லை. அதற்காக ஒரு துளி கண்ணீரும் வீணாக்க வேண்டாம். ஆனால், முதல் பணம் வராமல் இரண்டாவது பெட்டியை அனுப்பியது யார்? விலை ஏறியபோது தூளின் விலையையும் ஏற்றினீர்களா? இவற்றுக்குச் செபத்தில் விடை தேட வேண்டியதில்லை. கொப்பியிலேயே இருக்கிறது.

ஆனால், இதை முதலில் செய்யச் சொல்ல மாட்டேன். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் நினைவிருக்கிறதா? ஆண்டவரை மும்முறை மறுதலித்த பேதுரு பழைய தொழிலுக்கே திரும்பிப் போகிறார். இரவு முழுக்க வலை வீசியும் ஒன்றும் படவில்லை. வெறும் வள்ளத்தோடு விடியலில் கரைக்கு வருவது எப்படி இருக்கும் என்று குருநகர் மீனவர் யாரையும் கேட்டுப் பாருங்கள். அன்று ஆண்டவரின் சொற்படி வீசிய பிறகுதான் வலை நிறைகிறது. கரைக்கு வந்தால் அங்கே கரிநெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். “வந்து சாப்பிடுங்கள்” என்கிறார். “என்னை அன்பு செய்கிறாயா” என்ற அந்தக் கடினமான கேள்வி, மூன்று தடவை கேட்ட கேள்வி, சாப்பாடு முடிந்த பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன். உங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் கேள்வியோடு வந்திருக்கிறார்கள். அடுப்பு மூட்டியவர் அக்கா ஒருவர்தான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சில்லாலை இருக்கிறது. கோவாவிலிருந்து வந்த குருவான புனித யோசேப் வாஸ் 1687இல், கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தருக்குத் தெரியாமல் கூலிக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, பூசை வைக்க வந்தவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. வயிற்றோட்டம். யாரோ ஒரு பெண் கொடுத்த கஞ்சியில்தான் உயிர் தப்பினார் என்பார்கள். அதன் பிறகுதான் சில்லாலையில் தங்கியது, இரகசியப் பூசைகள் எல்லாம். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறையில் போட்டார்கள். அங்கே இருந்தபடி சிங்களம் படித்தார். சிறையில் மொழி படித்ததைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். கஞ்சியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் நினைவே வந்தது. நீட்டிய கோப்பையை வெட்கப்பட்டு அவர் மறுத்திருந்தால்?

அக்காவின் பணத்தை வாங்குங்கள். முதலில் தாலிக்கொடியை மீட்டெடுங்கள்.

விவிலியம் திறக்க மனம் வராவிட்டால் 88ஆவது திருப்பாடலை மட்டும் வாசியுங்கள். அது ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அப்படி ஒரு செபமும் திருநூலுக்குள் இருக்கிறது என்பது என்னைப் பல இரவுகள் தாங்கியிருக்கிறது.

கொப்பியில் என்ன கண்டீர்கள் என்று ஆறுதலாக எழுதுங்கள். தூள் மீண்டும் இடித்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு கிலோ வேண்டும். பணம் முன்கூட்டியே வந்து சேரும்.

அன்புடன்.