ஏறிக்கொண்டே போகும் பங்கின் விலை மிதமிஞ்சியதா என்று எப்படிக் கணிப்பது?

தொழில்நுட்பப் பங்குகளும் கனரகத் தொழில் பங்குகளும் மளமளவென்று ஏறியிருக்கும் நிலையில், அவற்றின் விலை மிதமிஞ்சியதா என்பதைப் பி.இ. விகிதத்தை, அதாவது பங்கின் விலை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப்போல எத்தனை மடங்கு என்பதைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. இந்த இரண்டு வகைப் பங்குகளிலும் அந்த விகிதம் வெவ்வேறு விதமாக ஏமாற்றும்.

தொழில்நுட்பப் பங்கு என்றால், இன்றைய விலை நிற்பதற்கு நிறுவனம் எவ்வளவு லாபம் ஈட்டியாக வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவேன். 2000 மார்ச்சில், இணையக் கருவிகள் செய்யும் அமெரிக்க நிறுவனமான சிஸ்கோவின் சந்தை மதிப்பு (எல்லாப் பங்குகளின் மொத்த விலை) 50,000 கோடி டாலரைத் தாண்டி, சிறிது காலம் உலகிலேயே முதலிடத்தில் இருந்தது. அந்த நிதியாண்டின் நிகர லாபமோ சுமார் 267 கோடி டாலர். லாபத்தைப்போல 25 மடங்கு விலை தரலாம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த மதிப்புக்கு ஆண்டு லாபம் 2,000 கோடி டாலராக வேண்டும். இணையம் பெருகும், அதற்கு வேண்டிய ரவுட்டர்களைச் சிஸ்கோ விற்கும் என்று அன்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. சுமார் 1,890 கோடியாக இருந்த விற்பனை 2025 நிதியாண்டில் 5,600 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் இந்தக் கால் நூற்றாண்டில் லாபம் ஒருமுறைகூட 2,000 கோடியைத் தொடவில்லை. 2002இல் 10 டாலருக்கும் கீழே போன பங்கு, பழைய 80 டாலர் உச்சத்துக்குத் திரும்ப 2025 டிசம்பர் ஆயிற்று. அதிலும், நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்ததற்குக் கணிசமான பங்குண்டு.

இதே கணக்கை எந்தப் பங்குக்கும் போடலாம். பி.இ. 100இல் வாங்கி, பத்தாண்டுகளில் அது 25ஆக இறங்கும் என்று கொண்டு, ஆண்டுக்கு 12 சதவீத வருமானம் எதிர்பார்த்தால், லாபம் பன்னிரண்டு மடங்குக்கு மேல் பெருக வேண்டும். அதாவது இடைவிடாமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 சதவீத வளர்ச்சி. இதைத் தாளில் எழுதிப் பார்த்தபின் வாங்கும் ஆசை பலமுறை எனக்குத் தானாகவே தணிந்திருக்கிறது.

கனரகத் தொழிலில் நிலைமை வேறு. அங்கே விகிதம் குறைவாகத் தெரியும் வேளைதான் பல நேரங்களில் ஆபத்தானது, ஏனெனில் வகுக்கும் எண்ணான லாபமே தொழிலின் ஏற்ற இறக்கச் சுழற்சியின் உச்சியில் இருக்கும். திருச்சி திருவெறும்பூரில் கொதிகலன்கள் செய்யும் பெல் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-12இல் அதன் நிகர லாபம் ஏழாயிரம் கோடி ரூபாயைத் தொட்டது, பி.இ. அப்போது 10-க்கும் கீழே. அடுத்து வந்த ஆண்டுகளில் நிலக்கரித் தட்டுப்பாட்டால் மின்திட்டங்கள் முடங்கின. 2014இல் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. புதிய ஆர்டர்கள் வற்றின. 2015-16இல் நிறுவனம் நட்டக் கணக்குக் காட்டியது. மலிவு என்று நினைத்து வாங்கியவர்கள் உண்மையில் உச்ச லாபத்துக்கு விலை கொடுத்திருந்தார்கள்.

ஆர்டர் புத்தகத்தின், அதாவது கைவசம் உள்ள ஆர்டர்களின், அளவைக் கண்டு மயங்குவதும் இங்கே வழக்கம். ஒரு கொதிகலனுக்கு முன்பணம் கொஞ்சம் வரும், பாகங்களை அனுப்பும்போது ஒரு பகுதி வரும், நிறுவி ஓட்டிக் காட்டிய பிறகே கடைசிப் பகுதி கைக்கு வரும். வேலை முடிந்த விகிதத்துக்கு ஏற்ப லாபம் மட்டும் முன்னரே கணக்கில் ஏறிவிடும். ஆகவே நான் ஆண்டறிக்கையில் தலைவர் உரையைத் தள்ளிவிட்டு, வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா என்றும், ஐந்தாண்டு நிகர லாபத்தின் கூட்டுத்தொகைக்கு அருகிலாவது செயல்பாட்டிலிருந்து ரொக்கம் வந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். விலையையும் ஓராண்டு லாபத்தால் வகுக்காமல், ஏழெட்டு ஆண்டுச் சராசரி லாபத்தால் வகுப்பேன்.

இத்தனையும் செய்தாலும், விலை எப்போது இறங்கும் என்பது தெரியாது. 1996 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பான் சந்தையின் மிகையான உற்சாகத்தைப் பற்றிக் கவலை தெரிவித்தபோது தொழில்நுட்பப் பங்குகள் மிகுந்த அமெரிக்கச் சந்தைக் குறியீடான நாஸ்டாக் 1,300-ஐ ஒட்டி இருந்தது. அதன்பின் மூன்றாண்டுகளுக்கும் மேலாக ஏறி 2000 மார்ச்சில் 5,048-ஐத் தொட்டு, 2002 அக்டோபரில் 1,114-க்கு வந்தது. அதனால் கணக்கு ஒத்துவராத பங்கை நான் ஒரே நாளில் விற்றுத் தீர்ப்பதில்லை. புதிதாக வாங்குவதை நிறுத்திவிட்டு, போட்ட முதல் திரும்பும் அளவுக்கு மட்டும் விற்று எடுத்துக்கொள்கிறேன்.