விக்கா என்பது உண்மையான மதமா, பில்லி சூனியமா?

கேள்வி கேட்டவர் ஒரு தாய். மகள் இங்கிலாந்தில் முதுகலை படிக்கிறாள். ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண் கழுத்தில் வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம் போட்டுக்கொண்டு, தன்னை விக்கா என்கிறாளாம். "இது சாத்தான் வழிபாடா? பில்லி சூனியமா? இதையெல்லாம் ஒரு மதம் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் சில வருடங்களாக இங்கேதான் இருக்கிறேன், கூட வேலை பார்க்கிற ஒருவர் விக்காக்காரர் என்பதால் எழுதுகிறேன்.

சாத்தான் வழிபாடு இல்லை. சாத்தான் கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் இருக்கிறவன். விக்காவில் அவனுக்கு இடமே கிடையாது. அவர்கள் கும்பிடுவது ஒரு பெண் தெய்வத்தையும், கொம்பு வைத்த ஓர் ஆண் தெய்வத்தையும். அந்தக் கொம்புதான் வினை. மான் கொம்பும் ஆட்டுக் கொம்பும் இங்கே பலருக்கு உடனே பிசாசைத்தான் ஞாபகப்படுத்தும். சாத்தான் பெயரில் சபை வைத்தவர் அமெரிக்காவின் ஆன்டன் லவே, 1966-இல். அவருக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பில்லி சூனியமா என்றால், மந்திரச் சடங்குகள் செய்வது உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'யாருக்கும் கேடு வராதவரை உன் இஷ்டப்படி செய்' என்பதுதான் அவர்கள் அடிக்கடி சொல்லும் நெறி. பிறருக்குச் செய்தது நமக்கு மூன்று மடங்காகத் திரும்பும் என்றும் பலர் நம்புகிறார்கள். எல்லோரும் அப்படியே நடக்கிறார்களா என்று கேட்டால், எந்த மதத்தில் நடக்கிறார்கள், சொல்லுங்கள்.

என்னோடு வேலை பார்க்கிறவர் என்று சொன்னேனே, அந்த அம்மாளுக்கு அறுபது வயது நெருங்குகிறது. சமையலறை ஜன்னலோரப் பலகையில் ஒரு கிண்ணம் உப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, கறுப்புப் பிடி போட்ட ஒரு கத்தி. கத்தியைப் பார்த்து நான் கொஞ்சம் பின்வாங்கியதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார். "வெண்ணெய்கூட வெட்ட வராது" என்று எடுத்துக் காட்டினார். முனை மழுங்கிக் கிடந்தது. சடங்கு தொடங்கும்போது தன்னைச் சுற்றிக் காற்றில் ஒரு வட்டம் போடத்தான் அது. செடி, மூலிகை நறுக்க வெள்ளைப் பிடிக் கத்தி தனியாக வைத்திருக்கிறார். அக்டோபர் 31 இரவு, சௌவன் என்கிற பண்டிகைக்கு, இறந்துபோன கணவருக்கு ஒரு தட்டு வைத்து, அவருக்குப் பிடித்த ஊறவைத்த வெங்காயத்தைப் பரிமாறுவாராம். ஆடி அமாவாசைக்கு நம் வீட்டில் படைக்கிற மாதிரிதான்.

சரி, மதமா? இங்கேதான் வெளியாட்களின் தவறான எண்ணங்களோடு உள்ளே இருப்பவர்களின் தவறான எண்ணங்களும் சேர்ந்துகொள்கின்றன. 'எங்களுடையது கற்காலத்திலிருந்து வரும் மதம், எங்கள் முன்னோர் 90 லட்சம் பேர் சூனியக்காரர்கள் என்று எரிக்கப்பட்டார்கள்' என்று சொல்லும் விக்காக்காரர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த 90 லட்சம் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியர் போட்ட மனக்கணக்கு. இன்றைய வரலாற்றாசிரியர்கள் சொல்வது ஏறக்குறைய 40,000 முதல் 60,000 வரை. அதுவே பயங்கரம்தான், கூட்டிச் சொல்ல என்ன அவசியம்? இங்கிலாந்தில் பெரும்பாலும் எரிக்கவில்லை, தூக்கில்தான் போட்டார்கள். 1692-இல் அமெரிக்காவின் சேலத்தில் தூக்கிலிடப்பட்ட 19 பேரும் விக்கா என்ற பெயரையே கேள்விப்படாத கிறிஸ்தவர்கள்.

இன்றைய விக்காவை உருவாக்கியதில் பெரிய பங்கு ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயருக்கு. 1900-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து 1936-இல் ஓய்வு பெற்றார். மலாய்க் கிரிஸ் கத்திகள் மேல் அப்படி ஒரு பைத்தியம், அதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். (விக்கா சடங்கில் கத்திக்கு இவ்வளவு மரியாதை வந்தது இதனாலோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) 1939-இல் தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய சூனியக்காரிகள் குழு தனக்குத் தீட்சை கொடுத்தது என்றார். மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதையே குற்றமாக்கிய 1735-ஆம் வருடத்து மாந்திரீகச் சட்டம் 1951-இல் ரத்தானது. அதன் பிறகு, 1954-இல் அவர் இந்தச் சூனியக்காரிகள் மதத்தைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அந்தக் குழு எவ்வளவு பழையது என்பதில் ஆய்வாளர்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இன்று சடங்குகளில் சொல்லப்படும் அழகான வரிகள் பலவும் அவருடைய சிஷ்யை டோரீன் வாலியன்டே 1950-களில் எழுதியவை.

ஆக இது புது மதம். புதிது என்பதால் பொய்யாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதியவர் பெயர் தெரிந்த பாட்டைப் பாடினால் பக்தி குறைந்துவிடாது.

நீதிமன்றங்களும் இதைத் தொட்டிருக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா சிறையில் ஒரு கைதி வழிபாட்டுக்கு மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, உப்பு, கந்தகம், வெள்ளை அங்கி எல்லாம் கேட்டு வழக்குப் போட்டார். 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், விக்கா அரசியலமைப்புப் பாதுகாப்புள்ள மதம்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சிறைப் பாதுகாப்பைக் காட்டி அந்தச் சாமான்களைக் கொடுக்க மறுத்தது தனிக்கூத்து. 1999-இல் ராணுவ முகாமில் விக்கா வழிபாடு நடந்தது சர்ச்சையானபோது, டெக்சாஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் புஷ் மாந்திரீகத்தைத் தான் மதமாக நினைக்கவில்லை என்றார். ஆப்கானிஸ்தானில் இறந்த ஒரு விக்கா வீரரின் கல்லறைச் சின்னத்துக்காக அவர் மனைவி போராட வேண்டிவந்தது. வீரர்களின் கல்லறையில் பொறிக்க அரசு அனுமதித்த சின்னங்களின் பட்டியலில் நாத்திகர்களுக்குக்கூட ஒரு சின்னம் இருந்தது, இவர்களுக்கு இல்லை. 2007-இல், அதே புஷ் அதிபராக இருக்கும்போதே, அந்த ஐந்துமுனை நட்சத்திரம் பட்டியலில் ஏறியது.

நம் நாட்டில் அளவுகோல் வேறு. சென்னை மாகாண அறநிலையத் துறைக்கும் ஷிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கில், 1954-இல் உச்ச நீதிமன்றம் 'மதத்தின் இன்றியமையாத பகுதி எது' என்பதை அந்த மதத்தின் கோட்பாட்டை வைத்தே பார்க்க வேண்டும் என்றது. விக்காவை அந்தத் தராசில் வைத்தால் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பொதுவான வேதநூல் இல்லை, தலைமைப் பீடம் இல்லை, கோட்பாடு ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்க நீதிமன்றங்கள் மனப்பூர்வமாக நம்புகிறாரா என்றுதான் பெரும்பாலும் பார்க்கின்றன. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

அவர்களுக்குள்ளேயும் 'உண்மையான விக்கா யார்' என்ற சண்டை ஓயவில்லை. கார்ட்னர் வழிக் குழுவில் முறையாகத் தீட்சை பெற்று, மூன்று படிநிலை தாண்டியவர்கள்தான் என்பது ஒரு கட்சி. ஸ்காட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1988-இல் தனியாகச் செய்வோருக்கென்று புத்தகம் போட்ட பிறகு, குரு இல்லாமல் வீட்டிலேயே செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். வெளியிலிருப்பவர்கள் பேகன் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய தெய்வ வழிபாடுகளைப் பின்பற்றுபவர்) என்றாலே விக்கா என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் சரியில்லை. பழைய கெல்டிக் பூசாரிகளின் வழி என்று சொல்லிக்கொள்ளும் ட்ரூயிட்கள், பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) தெய்வங்களைக் கும்பிடுபவர்கள் என்று பல கூட்டம் உண்டு. 2021 இங்கிலாந்து-வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேகன் என்று எழுதியவர்கள் சுமார் 74,000, விக்கா என்று எழுதியவர்கள் சுமார் 13,000.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன், அக்கா. அந்தப் பெண் எந்த வழி, தனியாகச் செய்கிறாளா என்று அவளிடமே கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். உங்களுக்குப் பயம் வேண்டுமென்றால் மெழுகுவர்த்திக்குப் பயப்படலாம். இங்கே ஹாஸ்டல் அறைகளில் பெரும்பாலும் அதற்குத் தடை, புகை பட்டால் அலாரம் அடித்து நடுராத்திரி எல்லோரையும் குளிரில் வெளியே நிறுத்திவிடுவார்கள். உங்கள் மகள் சாமி விளக்கேற்றினாலும் இதே கதிதான்.