இரு கை ஸ்பே ராடுக்கு எந்த லைன் வாங்குவது?

ஸ்பே ராடு என்பது செயற்கை ஈயை (ஃப்ளை) வீசி மீன் பிடிக்க இரு கையாலும் பிடிக்கும் நீளமான தூண்டில் கோல்; அந்த ஈயைக் கொண்டுசெல்லும் கனமான கயிறுதான் ஃப்ளை லைன். “ராடில் லைனின் எடை வகை எண் 8 என்று போட்டிருக்கிறது. 8ஆம் எண் ஃப்ளை லைன் வாங்கினால் போதாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஒரு கை ராடுக்கான 8ஆம் எண் லைனில் முதல் 30 அடியின் எடை சுமார் 210 கிரெயின்தான். அதே எண் போட்ட இரு கை ராடு பெரும்பாலும் 500 கிரெயினுக்கு மேல் கேட்கும். அதனால் எண்ணை விட்டுவிட்டு, ராடு தயாரிப்பாளர் சொல்லும் கிரெயின் அளவைப் பாருங்கள். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய 15.4 கிரெயின்.

சரி, எடை தெரிந்துவிட்டது. அப்புறம் ஹெட், அதாவது லைனில் வீச்சுக்குப் பயன்படும் கனமான முன்பகுதி. இதில்தான் நிதானம் வேண்டும். எடையுள்ள பெரிய ஈ, லைன் முனையில் மாட்டும் மூழ்கும் நுனி இரண்டையும் தூக்கி வீச ஸ்காஜிட் என்ற வகை ஹெட்தான் சரி. 20 முதல் 25 அடிக்குள் குட்டையாக, கனமாக இருக்கும். பின்னால் மரமும் புதருமாக இடமில்லாத கரையிலும் அது கைகொடுக்கும். சின்ன ஈயை நீர்மட்டத்தில் மெல்ல இறக்க, நுனி நோக்கி நன்றாக மெலியும் ஸ்காண்டி வகை ஹெட் எனக்குப் பிடித்தது. ஒரே ராடில் ஸ்காண்டியை ஸ்காஜிட்டைவிடச் சற்று எடை குறைவாக எடுங்கள். 55 அடிக்கு மேற்பட்ட நீள ஹெட் அகன்ற ஆற்றில் அழகுதான், ஆனால் கை பழகாமல் வாங்க வேண்டாம்.

13 அடிக்குக் குறைந்த ராடு என்றால் குட்டை ஹெட்டே பொருந்தும்.