நாவலுக்குத் தடையில்லை, சினிமாக் குரலுக்கு உண்டு

கேள்வி: கோவையில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். இரவில் லேப்டாப்பில் டார்க் டெக்னோ இசையமைக்கிறேன். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை மனதில் வைத்து நான்கு டிராக் முடித்திருக்கிறேன். ஒன்றில், கடையில் வாங்கிய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து இரண்டு பத்தி வாசிக்கிறேன். இன்னொன்றில், 1984-இல் வந்த ஆங்கிலப் படத்தின் குரல் நான்கு நொடி, டிஸ்டார்ட் செய்து திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றாவதில், பழைய ஜெர்மன் ரெக்கார்டின் இரண்டு நொடி டிரம் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டு). பெர்லினில் ஒரு சின்ன லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பியதைக் கேட்டேன். ரைஸ் மில்லில் ராத்திரி ஷிஃப்ட் நடப்பதுபோல இருந்தது. குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கதைக்கு அதுதான் சரி.

முதலில் நாவல். ஆர்வெல் இறந்தது 1950 ஜனவரியில். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆக, இந்தியாவில் 2010 முடிவோடு உரிமை தீர்ந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் 70 ஆண்டு, 2020-உடன் முடிந்தது. அமெரிக்காவில்தான் சிக்கல். 1949-இல் வெளியான புத்தகம் என்பதால் அங்கே 2044 கடைசி வரை உரிமை உயிரோடு இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் ஏற்றினால் அமெரிக்காவுக்கும் போய்விடும் அல்லவா?

நீங்கள் கவனிக்காத இன்னொன்று: மூல நாவல் பொதுவுடைமை ஆனாலும் தமிழ் மொழிபெயர்ப்பு மொழிபெயர்த்தவருடையது. அவர் அனுமதி இல்லாமல் அந்தப் பத்திகளை வாசிக்க முடியாது. நீங்களே மொழிபெயர்த்தால் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பிரச்சினை தீரும். அதைவிட நல்லது, சொந்தமாக எழுதுவது. கண்காணிக்கும் அரசு, சுவரில் பேசும் திரை போன்ற கருத்துகளுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1978-இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் தலைப்புக்கும் கிடையாது என்பது அதே நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு.

படம் வேறு கதை. திரைப்படத்துக்கு வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இதுவும் 2044 வரைதான். வெளிநாட்டுப் படம் என்பதால் இங்கே பாதுகாப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். சட்டம் அதையும் சேர்த்தே காக்கிறது. பிரிவு 52-இன் 'நியாயமான பயன்பாடு' சொந்த உபயோகம், விமர்சனம், செய்தி ஆகியவற்றுக்கானது. விற்கப்போகும் டிராக் அதற்குள் அடங்காது. 'நாலு நொடிதானே' என்பீர்கள். அற்ப அளவு என்ற வாதத்தை 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றது உண்மைதான். ஆனால் உங்கள் டிராக்கே அந்தக் குரலில்தான் நிற்கிறது. அது அற்பமா?

உருத்தெரியாமல் மாற்றிவிட்டேன் என்பதில் ஓரளவு பலம் உண்டு, ஐரோப்பாவில். கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் இசைக்குழு, 1977-இல் வந்த தன் ரெக்கார்டின் இரண்டு நொடித் தாளத்தை 1997-இல் வேறொருவர் ஒரு ராப் பாட்டில் எடுத்தாண்டதற்காக ஜெர்மனியில் வழக்குப் போட்டது. இரண்டு நொடிக்கு இருபது ஆண்டு! 2019 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: எவ்வளவு சிறிய துண்டானாலும் ரெக்கார்டு தயாரிப்பாளர் தடுக்கலாம், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தால் தடுக்க முடியாது. உங்கள் டிரம் லூப்பை நீங்கள் மாற்றவே இல்லை. படக் குரலையோ, டிஸ்டார்ட் செய்த பிறகும் நானே கண்டுபிடித்துவிட்டேன். போதாததற்கு, எந்தப் படம் என்று லேபிளுக்கு மெயிலில் வேறு பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

எனவே லூப்பை டிரம் மெஷினில் புதிதாக நீங்களே அடியுங்கள். தாளம் ஒத்திருக்கலாம், ரெக்கார்டின் ஒலியை எடுக்கக் கூடாது. படக் குரலுக்குப் பதிலாக, சொந்தமாக எழுதிய வரிகளை நண்பர் ஒருவரைப் பேசவைத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நடிகரின் குரலை ஏஐ-யில் வார்க்கும் யோசனை வேண்டாம். பாடகர் அரிஜித் சிங்கின் குரலுக்கு 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது.

இப்போது ஒப்பந்தம். எனக்குப் பயம் தந்தது ஏழாவது பிரிவு. 'எல்லா சாம்பிளுக்கும் (பிறர் பதிவிலிருந்து எடுத்த ஒலித் துண்டுகளுக்கும்) அனுமதி பெற்றிருக்கிறேன். வழக்கு வந்தால் லேபிளின் முழுச் செலவும் என் பொறுப்பு' என்று உங்கள் வாயால் சொல்ல வைக்கிறது. ஜெர்மன் சட்டம், பெர்லின் நீதிமன்றம். முன்பணமோ 300 யூரோ. அங்கே ஒரு வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் போடவே அது போதாது. 'என் பொறுப்பு, நான் பெற்ற தொகைக்கு மிகாது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், சாம்பிள் இல்லாத நான்காவது டிராக்கை மட்டும் கொடுங்கள். திருத்திய மூன்றின் புராஜெக்ட் ஃபைல்களையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஒலி உங்களுடையது என்பதற்கு அதுதான் சாட்சி.