நோட்டு, மரக்கால், மே தினக் கொடி: சங்கத் தோழர்கள் கேட்டவை

2021 ஏப்ரல் கடைசி வாரம், கொரோனா இரண்டாம் அலை. கேட்டவர்களுக்குப் பதில் அவரவர் ஊர்ப் பெயர் போட்டிருக்கிறது. பதில் சொல்பவர் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறார்.

மன்னார்குடி: தோழர், கொரோனாவுக்கு நம்ம சங்கக் கிளையில் முதல் வேலை என்ன?

நோட்டு வாங்குங்க. பத்து வீட்டுக்கு ஒருத்தர் பொறுப்பு. எந்த வீட்டில் சர்க்கரை, பிரஷர், கர்ப்பிணி, தனியாக இருக்கிற பாட்டி, யாரிடம் வண்டி இருக்கு, எல்லாம் எழுதுங்க. நோயாளி பேர் பொறுப்பாளரைத் தாண்டக்கூடாது. அவரே படுத்துட்டா அடுத்து யாருன்னும் இன்னிக்கே பேசிடுங்க. செயலாளருக்குக் காய்ச்சல்னா கிளையே படுத்துக்கிற ஊர் நம்மகிட்ட நிறைய.

இன்னொண்ணு. 2018 கஜா புயலில் எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரே அடுப்பில் ஆக்கிப் போட்டோம். இப்போ அதையே செஞ்சா நாமே பரப்பினவங்களா ஆவோம். சம்பா நெல் கிடக்கிற வீட்டில் மரக்கால் கணக்கில் வாங்கி வைங்க. அரிசியாக தேவைப்படுற வீட்டு வாசலுக்குப் போகட்டும்.

கும்பகோணம்: கபசுரக் குடிநீர்னு சித்த மருந்துக் கஷாயம் தினம் குடிச்சா கொரோனா வராதுதானே?

குடிங்க, தடுக்கல. அதை நம்பி மாஸ்க்கைக் கழற்றாதீங்க. மெடிக்கலில் காய்ச்சல்னு சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கவே கூடாது. ஆக்சிஜன் குறையாதவருக்கு அது உதவாது, கெடுதலும் வரலாம்.

திருத்துறைப்பூண்டி: அண்ணே, பருத்தி வேலைக்குப் போகாம அடுப்பெரியாது.

வயல் காத்தாட இருக்கு தங்கச்சி, அங்கே பயம் கம்மி. குட்டியானையில் ஒட்டி நின்னு போற அரைமணி நேரம்தான் ஆபத்து. தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லுங்க, ரெண்டு நடையா போங்க. கூடுதல் வண்டிக்காசை நிலத்துக்காரர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. சாப்பாட்டுக்குத் தள்ளித் தள்ளி உட்காருங்க.

கீழ்வேளூர்: ஒத்தை அறை வீட்டில் எங்கே தனியா இருக்கிறது?

‘வீட்டிலேயே தனிமை’ன்னு சொன்னவர் நம்ம தெருவைப் பார்த்ததில்லை. மூடிக்கிடக்கிற பள்ளிக்கூடத்தை ஊராட்சித் தலைவர்கிட்ட எழுத்தில் கேளுங்க, கக்கூஸ், விளக்கு, தண்ணியோட. ஊர்த்தெருவுக்குத் தனி, காலனிக்குத் தனின்னு பிரிச்சா ஒத்துக்காதீங்க. கிளைக்கு ரெண்டு ஆக்சிமீட்டர் வாங்குங்க. அதில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனா காத்திருக்காம 108. மருதாணி விரலில் மாட்டினா எண் தப்பலாம்.

மயிலாடுதுறை: கபசுரம் எத்தனை வேளை?

சித்த மருத்துவரைக் கேளுங்க. ஸ்டீராய்டு பத்தி மேலே சொன்னதையும் படிங்க.

நாகை: நடிகர் விவேக் இறந்தது கொரோனா தடுப்பூசி போட்டதாலதானே?

இல்லை. இதய ரத்தக்குழாய் அடைப்புன்னு மருத்துவர்கள் சொல்லிட்டாங்க. 45 தாண்டினவங்க போய்ப் போட்டுக்கங்க.

வலங்கைமான்: மே தினக் கூட்டம் வேணாம்னு சொல்றீங்களாமே? 1923ல் கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் ஏத்தின கொடி அது. தேர்தலுக்கு லாரி லாரியா ஆள் கொண்டாந்தப்போ கொரோனா எங்கே போச்சு?

கேள்வி நியாயம். அவங்க செஞ்சதால இப்போ படுக்கை கிடைக்கல, நாமும் செய்வோமா? போன வருஷம் வாசலில்தானே ஏத்தினோம்.

வலங்கைமான்: வாசலில் ஏத்தினா போலீசுக்குத்தான் சந்தோஷம். ஒருதரம் தெருவை விட்டா திரும்பக் கிடைக்காது.

இதை நான் லேசா எடுத்துக்கல. நாளைக்கு நோயைச் சாக்கு வச்சு கூலிப் பேச்சுக்கும் தடை போடுவாங்க, அப்போ சண்டை போடத்தான் வேணும். ஆனா நம்ம கூட்டத்தில் முன்வரிசை யாரு? அறுபது தாண்டின தோழர்கள், பாதிப்பேருக்குச் சர்க்கரை. அவங்களை முன்னால நிறுத்தியா தெருவைக் காப்பாத்தணும்? இருபது தெருவில், தெருவுக்கு அஞ்சு பேர், காலை எட்டு மணிக்கு ஒண்ணா ஏத்துங்க. தெருவை விட்டதா ஆகாது.

பேரளம்: முழக்கம் போடலாமா?

கத்தினா மூச்சோட கிருமியும் நல்லாப் பரவும். பறை அடிங்க, ரெண்டு ஊருக்குக் கேக்கும்.

வலங்கைமான்: பறைக்கு ஒத்துக்கறேன். அஞ்சு பேருக்கு ஒத்துக்கல.

சரி, பத்து. இடைவெளி விட்டு.

சீர்காழி: அய்யா, கபசுரம் குழந்தைக்கு...

104 மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் போடுங்கம்மா. என் பத்து வீட்டில் மூணாவது வீடு நேத்திலேருந்து போன் எடுக்கல, நான் போய்ப் பார்க்கணும்.