கேள்வி–பதில்: ஃபிலிப் கிளாஸும் புரூக்ளின் மேடையும்

கேள்வி: அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் ‘ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்’ ஆப்பரா (இசை நாடகம்), நியூயார்க்கின் புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில்தான் அரங்கேறியதா?

பதில்: இல்லை. 1976 ஜூலையில் பிரான்ஸின் அவிஞ்ஞோனில் அரங்கேறியது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் இரண்டு இரவுகள். டிக்கெட் எல்லாம் விற்றும் கடன்தான் மிஞ்சியது; கிளாஸ் திரும்பவும் டாக்ஸி ஓட்டப் போனார். இடைவேளை இல்லாமல் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடுவதை, ஒலிபெருக்கியோடு அவருடைய சொந்தக் குழு வாசிப்பதை, எந்த ஆப்பரா அரங்கம் திரும்பத் திரும்பப் போடும்? அதைச் செய்தது புரூக்ளின்தான்: 1984, 1992, 2012. அங்கே தலைமை வகித்த ஹார்வி லிக்டென்ஸ்டைனுக்கு இதில் பெரும் பங்கு. 1983-இல் அவர் தொடங்கிய ‘நெக்ஸ்ட் வேவ்’ விழாவின் முதல் நிகழ்ச்சியே கிளாஸின் ‘தி ஃபோட்டோகிராஃபர்’. ஆனாலும் 1984-ஐத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். எட்டு வருடம் மேடையில் காணாத படைப்பை நியூயார்க் அன்றுதான் மறுபடி கண்ணால் பார்த்தது.

கேள்வி: அதில் பாடகர்கள் எண்களையே பாடுகிறார்களே, என்ன பொருள்?

பதில்: எண் தாளத்தைச் சொல்கிறது, டோ, ரே, மி என்னும் மேற்கத்திய சுரப்பெயர்கள் சுரத்தைச் சொல்கின்றன. ஒத்திகையில் மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டவை, அப்படியே நின்றுவிட்டன. நம் சொல்கட்டு (‘தகதிமி’ போன்ற தாளச் சொற்கள்) தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தொடக்கத்தில் ஆர்கனின் கீழ்ச்சுரம் மூன்றே: முதலாவது நான்கு எண்ணிக்கை, அடுத்தது ஆறு, கடைசி எட்டு. பாடகர் குழு அதை எண்ணிப் பாடும். சில சுற்றுகளில் ‘ஒன்று’ விழுங்கப்பட்டு ‘இரண்டு, மூன்று, நான்கு’ என்று வரும். தடுமாறுவது இங்கேதான். வாயில் ‘ஒன்று’ இல்லாவிட்டாலும் மனத்தில் அதை எண்ண வேண்டும். விட்டால் அடுத்த ஆறில் ஒரு தட்டு முந்திவிடும். வேகமான பகுதிகளில் மூச்சு இன்னொரு சிக்கல்: பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்கக் கூடாது. இருவரும் சேர்ந்து எடுத்தால் ஒலியில் ஓட்டை விழும்.

இந்தக் கணக்குக்கு வேர் 1960-களின் பாரிஸில். சிதார் கலைஞர் ரவிசங்கரின் திரைப்பட இசையை கிளாஸ் மேற்கத்தியக் குறியீட்டில் எழுதும்போது, தாளத்தைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு போட்ட இடமெல்லாம் தப்பான அழுத்தம் விழுந்தது. கோடுகளை அழித்த பிறகுதான் தாளத்தின் ஓட்டம் கிளாஸுக்குத் தெரிந்தது.

கேள்வி: காந்தியைப் பற்றிய கிளாஸின் ஆப்பராவும் புரூக்ளினில் நடந்ததா?

பதில்: ஆம். 1980-இல் ராட்டர்டாமில் அரங்கேறிய ‘சத்யாகிரகா’ 1981-இல் புரூக்ளினுக்கு வந்தது; 2018-இல் சர்க்கஸ் கலைஞர்களோடு மறுபடியும். பாடுவது பகவத் கீதையின் சமஸ்கிருத வரிகள். பித்தளை ஊதுகருவிகளும் தாளக் கருவிகளும் அறவே கிடையாது.