லோகோவைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "லோகோவைச் சேமித்தேன், வெள்ளைப் பெட்டியோடு வந்து நிற்கிறது." காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

ஃபோட்டோஷாப்பில் பிஎன்ஜி (PNG) படமாகத்தான் சேமித்தேன். பிஎன்ஜி என்றால் பின்னணியே இருக்காது என்றார்கள். பிறகு ஏன் வெள்ளை வருகிறது?

பிஎன்ஜி, பின்னணி இல்லாத படத்தை அப்படியே காப்பாற்றித் தரும். இருக்கும் பின்னணியை அதுவாக எடுத்துவிடாது. உங்கள் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத்தாள்) பட்டியலின் அடியில் 'பேக்ரவுண்ட்' என்று ஒரு லேயர் பூட்டுப் படத்தோடு உட்கார்ந்திருக்கும், பாருங்கள். அந்தப் பூட்டைக் கிளிக் செய்தால் அது சாதாரண லேயராக மாறும். லோகோ தனி லேயரில் இருந்தால் இதை அழித்துவிடலாம், அல்லது கண் படத்தை அணைத்து மறைக்கலாம். திரையில் சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் தெரிந்தால் வேலை முடிந்தது. அப்புறம் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' போய் பிஎன்ஜியைத் தேர்ந்து, 'டிரான்ஸ்பரன்சி' டிக் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜேபெக் (JPEG) ஃபைலின் பெயரில் கடைசியை .பிஎன்ஜி என்று மாற்றினால் போதாதா?

போதாது. ஊறுகாய் ஜாடியில் தேன் என்று எழுதி ஒட்டுவது மாதிரி அது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஒளிபுக வேண்டும் என்ற தகவலை வைக்க ஜேபெக்கில் இடமே கிடையாது. பெயரை மாற்றினால் அந்தத் தகவல் எங்கிருந்து வரும்?

வெள்ளைப் பின்னணியை மேஜிக் வாண்டால் (ஒரே நிறப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கருவி) தேர்ந்து அழித்தேன். வெள்ளைத் தாளில் அருமையாக இருக்கிறது. கருநீலத்தின் மேல் வைத்தால் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. எத்தனை முறை செய்தாலும் போகவில்லை.

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். படத்தை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி எழுத்தின் வளைவான ஓரத்தைப் பாருங்கள். லோகோ சிவப்பு என்று வைத்துக்கொள்வோம்: உள்ளே முழுச் சிவப்பு, வெளியே முழு வெள்ளை. நடுவில் ஒன்றிரண்டு புள்ளிகள் இளஞ்சிவப்பாக இருக்கும். வளைவு படிக்கட்டு மாதிரி தெரியாமல் இருக்க, மென்பொருள் சிவப்பையும் வெள்ளையையும் கலந்து வைத்த புள்ளிகள் அவை. மேஜிக் வாண்ட் வெள்ளையை மட்டும்தான் பிடித்தது. இளஞ்சிவப்பு தங்கிவிட்டது. வெள்ளைத் தாளில் அது கண்ணில் படாது, கருநீலத்தில் பளிச்சென்று தெரியும்.

அந்தப் புள்ளிகளில் கலந்திருக்கும் வெள்ளையை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். கிம்ப் (GIMP) என்ற இலவசப் பட மென்பொருள் வைத்திருந்தால் 'கலர் டு ஆல்ஃபா' இதை அழகாகச் செய்யும்: இளஞ்சிவப்புப் புள்ளி, பாதி ஒளிபுகும் சிவப்புப் புள்ளியாகிவிடும். ஆனால் லோகோவின் உள்ளே வெள்ளை இருந்தால் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும், கவனம். லோகோவில் வெளிர் நிறங்கள் இருந்தால் அவையும் பாதி ஒளிபுகும்படி ஆகிவிடும். ஃபோட்டோஷாப்பில் 'மேட்டிங்' பட்டியலின் கீழ் 'டிஃப்ரிஞ்ச்' இருக்கிறது, ஓரப் புள்ளிகளின் நிறத்தை உள்ளே இருக்கும் நிறமாக மாற்றிவிடும். ஒரு பிக்சல் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். ஒரே நிற லோகோ என்றால் நான் இரண்டையுமே செய்யமாட்டேன். பென் டூலால் (கோடு வரையும் கருவி) மறுபடி வரைந்துவிடுவேன். ஒட்டுப்போடும் நேரத்தில் புதிதாகவே தைத்துவிடலாம்.

இதே காரணத்தால்தான் லோகோவுக்கு ஜிஃப் (GIF) வேண்டாம் என்கிறேன். ஜிஃப்பில் ஒரு புள்ளி ஒன்று தெரியும், அல்லது தெரியாது. நடுவில் எதுவும் இல்லை. பிஎன்ஜியில் அதற்கு 256 படிகள் இருக்கின்றன. ஓரம் மழுமழுவென்று வருவதும், நிழல் இயல்பாகக் கரைவதும் அதனால்தான்.

இல்லஸ்ட்ரேட்டரில் வெளிப் பின்னணி போய்விட்டது. ஆனால் 'ஓ' எழுத்தின் நடுவட்டம் மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது.

அது ஓட்டை அல்ல, மேலே வைத்த வெள்ளை வட்டம். கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கட்டம் தெரியும். எங்கெங்கே வெள்ளை ஒளிந்திருக்கிறது என்று உடனே புரிந்துவிடும். எழுத்தை அவுட்லைனாக (வெறும் வடிவக் கோடாக) மாற்றி, வட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்து, பாத்ஃபைண்டரில் 'மைனஸ் ஃப்ரன்ட்' கொடுங்கள், மேலே இருக்கும் வட்டம் கீழே இருக்கும் எழுத்தை வெட்டி ஓட்டையாக்கும். பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யும்போது பின்னணி நிறம் என்ற இடத்தில் 'டிரான்ஸ்பரன்ட்' என்று இருக்கட்டும்.

கிம்பில் அழிப்பான் போட்டால் கட்டம் வரவில்லை, வெள்ளைதான் வருகிறது.

லேயருக்கு ஆல்ஃபா சேனல் (ஒளிபுகும் அளவை வைக்கும் இடம்) இல்லை. லேயர் மெனுவில் 'டிரான்ஸ்பரன்சி' போய் 'ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுத்துவிட்டு அழியுங்கள். முடித்ததும் 'சேவ்' அல்ல, 'எக்ஸ்போர்ட்'. 'சேவ்' கொடுத்தால் கிம்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் ஃபைல்தான் கிடைக்கும்.

என் கணினியில் சரியாக இருக்கிறது. சாட் ஆப்பில் அனுப்பினால் போய்ச் சேரும்போது கருப்புப் பின்னணி!

படமாக அனுப்பினால் பல ஆப்கள் அளவைக் குறைக்க ஜேபெக்காக மாற்றிவிடும். ஒளிபுகும் இடத்தை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டுமே. சில வெள்ளையைப் போடும், சில கருப்பைப் போடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது ஜிப் செய்து அனுப்புங்கள்.

அச்சகத்துக்கும் இதே பிஎன்ஜியைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே (CMYK) நிறமுறை பிஎன்ஜியில் கிடையாது. அளவும் உதைக்கும்: 500 பிக்சல் அகல லோகோ, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சானால் 4 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வெக்டார் (புள்ளிகளால் அல்லாமல் கோடுகளால் ஆன, பெரிதாக்கினாலும் உடையாத படம்) பிடிஎஃப் கொடுங்கள். லோகோவில் நிழல், மங்கல் இருந்தால் பழைய அச்சு வடிவமான இபிஎஸ்ஸைவிட (EPS) பிடிஎஃப்தான் நல்லது. 2001இல் வந்த 1.4 பதிப்பிலிருந்தே பிடிஎஃப் ஒளிபுகும் தன்மையை அப்படியே வைத்துக்கொள்ளும், இபிஎஸ் வைத்துக்கொள்ளாது. இணையதளத்துக்கு என்றால் எஸ்விஜி (SVG) என்ற வெக்டார் வடிவம். ஆனால் பிஎன்ஜியை எஸ்விஜிக்குள் ஒட்டிச் சேமிப்பது கணக்கில் வராது, அது பெரிதாக்கினால் உடையும் அதே படம்தான்.

இணையத்தில் எடுத்த 'பின்னணி இல்லாத' லோகோவைத் திறந்தால் சதுரங்கக் கட்டமே படத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

யாரோ கட்டத்தையும் சேர்த்துப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். சுத்தம் செய்ய உட்காராதீர்கள், லோகோவின் உரிமையாளரிடம் மூல ஃபைலைக் கேளுங்கள்.

வாடிக்கையாளருக்கு வெள்ளை நிற லோகோ அனுப்பினேன். ஃபைல் காலியாக இருக்கிறது என்கிறார்.

வெள்ளைப் பின்னணி காட்டும் வியூவரில் திறந்திருப்பார். வெள்ளைமேல் வெள்ளை தெரியாதே. அடர் நிறத்தின் மேல் வைத்த மாதிரிப் படம் ஒன்றையும் கூடவே அனுப்புங்கள், ஃபைல் பெயரிலேயே 'வெள்ளை' என்று போடுங்கள். ஒருமுறை இதேபோல் ஒரு ஃபைலை நானே காலி என்று நினைத்து அழித்துவிட்டு, மறுநாள் அதை வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன்.